வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு

அன்புள்ள முரளி,

மகளுக்கு வரன் அமைந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. தேதி குறித்ததும் முதல் ஆளாக எனக்குச் சொல். முழங்கால் வலியோடு நீ இன்னும் மாடிப்படி ஏறி வகுப்பெடுப்பதைப் பற்றி நேரில் வந்து திட்டுகிறேன்.

சாயத் தண்ணீரை ஒளியால் சுத்தம் செய்யும் கலனைக் கணினியில் மாதிரியாக்கி உன் மாணவி அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நடுவில் புற ஊதா விளக்கு, அதைச் சுற்றிய வளைய இடைவெளியில், ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்க உதவும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடி கலந்த சாயத் தண்ணீர். நீரோட்டத்துக்கு நன்றாக உழைத்திருக்கிறாள். சுழல் எது, தேக்கம் எது என்று வண்ணத்தில் பளிச்சென்று தெரிகிறது. வெளிச்சத்தை மட்டும், உறிஞ்சப்பட்டு ஆழம் போகப் போக ஒளி மங்கும் என்கிற பீர்–லாம்பர்ட் விதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். கணினி சொல்வதும் ஆய்வகம் சொல்வதும் ஒட்டாததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்த வரியைத்தான்.

அது தெளிந்த கரைசலுக்கான விதி. இங்கே மிதப்பதோ பெயின்டுக்கு வெண்மை தரும் அதே பொருள்; ஒளியை உறிஞ்சுவதோடு நிற்காமல் நாலாபக்கமும் சிதறடிக்கும். சிதறிய ஒளி அடுத்த துகளில் சிக்கலாம், வந்த வழியே திரும்பி வெளியேறவும் செய்யலாம். அதையெல்லாம் உறிஞ்சப்பட்டதாகக் கணக்கு வைத்தால் விடை உப்பித்தான் போகும். உறிஞ்சலையும் சிதறலையும் சேர்த்தே கணக்கிடும் கதிர்வீச்சுக் கடத்தல் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தற்செயல் எண்களைக் கொண்டு கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டும். அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் கசானோ, அல்ஃபானோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் கணக்குக்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அவர்கள் கட்டுரைகளை அவளிடம் கொடு.

சராசரி ஒளிச்செறிவை வைத்து வினைவேகம் கணக்கிடுவதையும் விடச் சொல். மங்கிய ஒளியில் வேகம் ஒளிச்செறிவுக்கு நேர்விகிதத்தில் ஏறும். கடுமையான ஒளியில், ஒளி பட்டுப் பொடியில் பிரிந்த எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் மீண்டும் சேர்ந்து வீணாவதால், ஒளிச்செறிவின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். விளக்கை ஒட்டி ஒரு நியதி, சற்றுத் தள்ளி வேறொன்று. ஆகவே கணினியில் கலனைப் பிரித்திருக்கும் வலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் போட வேண்டும்.

பொடியை அள்ளிக் கொட்டினாலும் பயனில்லை. விளக்கருகே மெல்லிய படலம் மட்டும் ஒளி பெறும், மற்றதெல்லாம் இருட்டு. சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறந்த இடத்தைத் தாண்டி அதிக தூரம் போகாது. எனவே சாயம்தான் வெளிச்சத்தைத் தேடி வர வேண்டும். அவள் பாடுபட்ட நீரோட்டம் உண்மையில் உதவுவது அங்கேதான்.

ஒரு நிம்மதி: பொடி சீராகக் கலந்திருந்தால் ஒளிப்பரவலை ஒருமுறை கணக்கிட்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம். சாயமும் அதே அலைநீளத்தை உறிஞ்சுமானால் அந்தச் சலுகை கிடையாது. நிறம் வெளுக்க வெளுக்கத் திரும்பத் திரும்பப் போட வேண்டியதுதான்.

பொடி ஒளியை எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு சிதறடிக்கும் என்ற ஒளியியல் கெழுக்களைப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தால் அதுவும் சந்தேகம்தான். சில பத்து நானோமீட்டர் துகள்கள் தண்ணீரில் திரண்டு பலமடங்கு பெரிதாகிவிடும், நடுநிலையை ஒட்டிய பிஎச்சில் இன்னும் மோசம். அவளுடைய கலவையிலேயே அளக்கட்டும்.

விளக்கின் அலைநீளத்தை அவள் எங்கும் குறிப்பிடவில்லை. கேட்டு எழுது. அனடேஸ் என்ற படிக வகைப் பொடியென்றால், அதைத் தூண்டாத 390 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அன்புடன்,
ரகு