தோண்டுவதற்கு முன்பே பணம் கட்டட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலக்கரி எடுத்து முடித்த நிலத்தைச் சீர்செய்வது குறித்த விதிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கரி கிடையாது. ஆனால் கல் இருக்கிறது. கல் போன இடங்களில் குழி இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் குன்றுகளை உடைத்து, ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் பாறையாகவும் கேரளம் வரை லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுரை இவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்க வேண்டியது.

கட்டுரையாளர் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போன ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: பணம். மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலில், சுரங்கத்தை மூடிச் சீர்செய்வதற்கென்று, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்று கணக்கிட்டு, ஆண்டுதோறும் வங்கியில் ஒரு தனிக் கணக்கில் கட்டிவரச் சொன்னார்கள். தொகை பிறகு உயர்த்தப்பட்டது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இதற்குள் அடக்கம். நிலக்கரிக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நடந்த வேலையைப் பார்த்து ஒரு பகுதியை விடுவிக்கலாம். மீதி, சுரங்கத்தை முறைப்படி மூடிய பிறகுதான்.

அமெரிக்காவில் 1977-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இன்னும் கறார். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நிலத்தை ஏறத்தாழப் பழைய மேடுபள்ளத்துக்கே கொண்டுவர வேண்டும். நட்டது பிடித்து நிற்கிறதா என்று ஐந்தாண்டு, வறண்ட பகுதியானால் பத்தாண்டு பார்த்த பிறகே, கம்பெனி முன்பே கட்டிய ஈட்டுத்தொகை முழுதாகத் திரும்பும். மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வேலை அங்கே செல்லாது. கம்பெனி திவாலாகி, ஈட்டுத்தொகை போதாமல் போன கதைகள் அங்கும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஏதோ ஒரு தொகையாவது கையில் நிற்கிறது.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. சிறுகனிமக் குவாரிகள் பற்றிய தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம், தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, கால்நடைத் தீவனமும் செடிகொடிகளும் வளரும்படி ஆக்கித்தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்கச் சொன்னது. எங்கள் பக்கத்துக் கைவிடப்பட்ட குவாரியில் புல் வளர வேண்டுமானால் அது பாறைச் சுவரில்தான் வளர வேண்டும். செங்குத்தாக வெட்டிய சுவர். இறங்கிவரப் படி எதுவும் விடவில்லை. வெடிக்குத் துளையிட்ட கோடுகள் மேலிருந்து கீழ்வரை வரிவரியாகத் தெரிகின்றன. அடியில் பாசி நிறத்தில் தண்ணீர். ஓரத்தில் நட்ட கல்தூண்களில் பாதி சாய்ந்து கிடக்கின்றன. முள்கம்பி எவர் வீட்டு வேலிக்குப் போனதோ. வெயில் காலத்தில் பையன்கள் அங்கேதான் குளிக்கப் போகிறார்கள். ஆழம் தெரியாது, கரையேறப் பிடிமானம் கிடையாது.

இதை மூடிவிடு என்று சொல்வது எளிது. கரிச் சுரங்கத்தில் கரி ஒரு பங்கு என்றால் அதன் மேலிருக்கும் மண்ணும் பாறையும் பல மடங்கு. கரி போனாலும் அந்த மேல்படிவு அங்கேயே குவிந்து கிடக்கும், திரும்ப நிரப்பலாம். எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில்கூடக் கனிமம் பிரித்த மீதியைத் திரும்பக் கொட்ட வழி இருக்கிறது. கல்குவாரியில் எடுப்பது அத்தனையும் விற்பனைச் சரக்கு. குழியில் போட எதுவும் மிஞ்சாது. அதனால் நிலக்கரி விதியை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் காகிதத்தில்தான் குழி மூடும்.

மிஞ்சுவது ஒன்றே ஒன்று: பாறைக்கு மேலிருக்கும் செம்மண். அதுவும் எங்கள் ஊரில் முதல் வாரமே கிளம்பிவிடுகிறது. போகும் இடம் எது தெரியுமா? வீட்டுமனை போடுவதற்காக நிரப்பப்படும் வயல். குன்றும் போய், வயலும் போய், இரண்டுக்கும் ஒரே டிப்பர்! அந்த மண்ணை எல்லையோரமாகக் குவித்து, ரப்பர் தோட்டத்தில் நாங்கள் மூடுபயிராக விதைக்கும் பியூரேரியாவை அதன்மேல் தூவிவிட்டால், இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மண்ணில் சீக்கிரமே கொடி படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சுவரைப் படிக்கட்டு போல வெட்டியிருந்தால், குவாரி முடிந்ததும் அந்தப் படிகளில் இந்த மண்ணை இட்டு மரம் வைக்கலாம். அடித்தண்ணீரை, வேலியும் இறங்குவதற்குச் சாய்தளமும் இருந்தால், வாழைக்குப் பாய்ச்சலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஆனால் கடைசி லோடு போன பிறகு இதைச் செய்யக் குத்தகைதாரருக்கு என்ன அவசியம்? அவருடைய கிரஷர் அதற்குள் அடுத்த குன்றின் அடியில் இருக்கும்.

ஆகவே மாநில அரசிடம் நான் கேட்பது இது. கல்குவாரிக்கும் ஹெக்டேர் கணக்கில், சீரமைப்புக்கென்று மட்டும் ஒரு தொகையை முதல் வெடி வைப்பதற்கு முன்பே வங்கியில் கட்டவைக்க வேண்டும். அது குத்தகைத் தொகையோடும், எடுக்கும் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணத்தோடும் கலக்கக் கூடாது. படி வெட்டியதற்கு இவ்வளவு, மண்ணைக் காத்ததற்கு இவ்வளவு, நட்டது ஐந்தாண்டு நின்றதற்கு இவ்வளவு என்று பிரித்துத் திருப்பித் தரட்டும். எந்தக் குவாரிக்கு எவ்வளவு கட்டப்பட்டது, எவ்வளவு விடுவிக்கப்பட்டது என்பதையும், அதன் மூடல் திட்டத்தையும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். இன்றுவரை எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் ஒட்டி நான் பார்த்ததில்லை. அனுமதி காலாவதியான குவாரிகளின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் வெளியிட்டு, குறைந்தபட்சம் வேலியாவது பள்ளிக் கோடை விடுமுறைக்கு முன் போட்டுத் தர வேண்டும். உங்கள் செய்தியாளர் ஒருவர் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பிரசுரித்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.