அட்டைக்கும் ஒரு தேதி வேண்டும்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. பெரம்பூரில் ஒரு வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து பதினான்கு வருடங்களாகப் புத்தக அட்டையும் உள்பக்கமும் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. நீங்கள் கொடுக்கும் வேலைதான் வருமானம்.

இந்த மடலை மே மாதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. டிசம்பரில் எழுதினால் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது, எழுத எனக்கும் இருக்காது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி நம் தொழிலின் பஞ்சாங்கத்தையே பொங்கலைச் சுற்றிக் கட்டிவிட்டது. சென்ற ஆண்டு நான் செய்தவை 34 அட்டைகள், 17 நூல்களின் உள்பக்கங்கள். அந்த 34 அட்டைகளில் 21 நவம்பர் கடைசிக்கும் ஜனவரி முதல் வாரத்துக்கும் நடுவில் வந்தவை. ஆறு வாரத்தில் ஒரு வருடத்தின் பெரும்பாதி. மீதி மாதங்களில் வேலை சொட்டுச் சொட்டாக வரும். இதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, தொழிலின் பருவம் அப்படி. விவசாயிக்கும் அறுவடை ஒரு சமயம்தான். ஆனால் அறுத்த நெல் களத்திலேயே கிடக்கிறதே, முடித்த வேலைக்குப் பணம் வராமல் நிற்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். போன டிசம்பர் 27, இரவு பத்தரை மணிக்கு ஒரு பதிப்பாளரின் அழைப்பு. "அம்மா, வீட்டுலதானே இருக்கீங்க? ஒரு சின்ன மாற்றம்." அணிந்துரை அப்போதுதான் வந்திருக்கிறதாம். கூடவே நன்றியுரையும். இரண்டும் சேர்ந்து நூல் இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம், கூடிவிட்டது. (நூலாசிரியரைவிட அணிந்துரை எழுதுகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இது தமிழுக்கே உரிய வளம்.) உள்ளே பக்கம் கூடினால் அட்டையில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக: 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் 240 பக்க நூலின் முதுகு, அதாவது முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவில் உள்ள பட்டை, சுமார் 11, 12 மில்லிமீட்டர் வரும். 32 பக்கம் கூடினால் இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். அந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் கணக்கில் எடுக்காமல் அட்டையை அச்சுக்கு அனுப்பினால், முதுகில் இருக்க வேண்டிய நூல் பெயர் ஒரு பக்கமாகச் சாயும், முன்னட்டையின் நிறம் முதுகுக்குள் எட்டிப் பார்க்கும். ஆகவே முதுகை அகலப்படுத்தி, முன்னட்டையையும் பின்னட்டையையும் நகர்த்தி, மடிப்பில் விழும் கோடுகளைச் சரிபார்த்து, உள்ளடக்கப் பக்கத்தில் எல்லா எண்ணையும் மாற்றி முடித்தபோது மணி ஒன்றே முக்கால். சின்ன மாற்றம்தான்.

காலையில் அது அச்சகத்துக்குப் போனது. பொங்கலுக்கு முன்பே நந்தனத்தில் புத்தகக் காட்சி அரங்கில் விற்பனைக்கும் வந்தது. நானே வரிசையில் நின்று ஒரு பிரதி காசு கொடுத்து வாங்கினேன். அந்த அட்டைக்கான பணம் இந்த மடலை எழுதும் நாள் வரை வரவில்லை.

பதிப்பாளர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அரசு நூலகங்கள் வாங்கும் நூல்களுக்கான நூலக ஆணைப் பணத்துக்கு நீங்கள் காத்திருப்பது தெரியும். விற்பனையாளர்களிடம் நிலுவை நிற்பது தெரியும். முன்பு 1200 பிரதி அடித்த இடத்தில் இன்று நூறும் இருநூறும் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பேப்பர் கடைக்காரர் உங்களிடம் எத்தனை மாதம் காத்திருக்கிறார்? பைண்டிங் முடிந்த கட்டுகளைப் பணம் வராமல் அச்சகத்துக்காரர் வண்டியில் ஏற்றவிடுவாரா? மாட்டார். அவரிடம் ஒரு கதவு இருக்கிறது, அதைப் பூட்டலாம். என் வேலைக்குக் கதவே இல்லை. பிடிஎஃப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிய நொடியில் அது உங்கள் கையில். அதற்கப்புறம் என்னிடம் மிச்சம் இருப்பது தொலைபேசி ஒன்றுதான். வரிசையில் நான் கடைசியில் நிற்பதற்கு என் வேலை மட்டமானது என்பது காரணமில்லை, என்னிடம் பூட்ட எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

சரி, பணம் தாமதமானால் எனக்குக் கஷ்டம், அது என் பாடு. உங்களுக்கும் அதில் நஷ்டம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மூன்று வருடங்களாக ஒரு நோட்டில் என் நேரத்தை எழுதி வருகிறேன். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஆசையில் தொடங்கியது. எத்தனை மணி நேரம் வேலை செய்கிறேன், எத்தனை மணி நேரம் வாட்ஸப்பில் கரைகிறது என்று பார்க்க. பார்த்ததில் வெட்கப்படும்படி என்னைப் பற்றி நிறையத் தெரிந்தது, அதை விடுங்கள். உங்களுக்கு வேண்டிய வரி இது: சென்ற மார்ச்சில், பாக்கி கேட்டுப் பேசவும் செய்தி அனுப்பவும் கணக்கு அனுப்பவும் மறுபடி கணக்கு அனுப்பவும் எனக்கு 19 மணி நேரம் செலவாகியிருக்கிறது. இரண்டு நல்ல அட்டைக்கான நேரம் அது.

அதே நோட்டில் இன்னொரு பத்தி இருக்கிறது. தலைப்பு 'எழுத்து'. காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, வீட்டில் யாரும் எழுவதற்கு முன், தட்டைத் தூரிகையும் போஸ்டர் வண்ணமும் வைத்துக்கொண்டு ஒரு எழுத்தை மட்டும் வரைந்து பழகுவேன். ஒரு வாரம் முழுக்க 'ழு'. இன்னொரு வாரம் 'ணை'. 'ஞ' மட்டும் இரண்டு வாரம் பிடித்தது, இன்னும் வசப்படவில்லை. ஓவியர் ஆதிமூலம் நூல் தலைப்புகளைத் தம் கையால் எழுதிய காலத்தில், தமிழ் எழுத்தே அட்டையின் படமாக நின்றது. தூரத்திலிருந்து பார்த்தாலே இது இன்னாருடைய கை என்று தெரியும். 1974இல் தொடங்கிய க்ரியா போன்ற பதிப்பகங்கள் அட்டைக்கும் பக்க அமைப்புக்கும் கொடுத்த கவனத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தத் தரம் எழுத்துருவை இறக்குமதி செய்து வருவதில்லை, காலையில் கை பழகி வருவது. நீங்கள் பலரும் போன் செய்து பாராட்டிய இரண்டு அட்டைகளின் தலைப்பெழுத்து அந்தக் காலை நேரத்தில் வந்தவைதான்.

பிப்ரவரியில் பணம் வராவிட்டால் முதலில் போவது அந்த ஒன்றரை மணி நேரம். வாடகைக்காகக் கல்யாணப் பத்திரிகை எடுப்பேன், டியூஷன் சென்டருக்கு ஃபிளெக்ஸ் செய்வேன். இரவு நீளும், காலை போய்விடும். அப்புறம் உங்கள் அட்டைக்கு உட்காரும்போது கையில் புதிதாக எதுவும் இருக்காது. போன முறை செய்ததையே நிறம் மாற்றிச் செய்வேன். மறையும் சூரியன், தனி மரம், முதுகு காட்டி நிற்கும் பெண். தமிழ் நாவல் அட்டைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்று நீங்களே மேடையில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். காரணத்தில் ஒரு பங்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவில் வரைந்த படத்தை அனுப்பி, "இதுல பேரை மட்டும் போட்டுக் கொடுங்க" என்கிறீர்கள். அண்மையில் வந்த ஒன்றில் ஒரு கடைப் பெயர்ப் பலகை இருந்தது. அதில் தமிழ் போலவே இருக்கும், ஆனால் தமிழ் இல்லாத எழுத்துகள். தமிழ்ப் புத்தகத்தின் அட்டையில்! அதை மேலே வண்ணம் பூசி மறைத்துக் கொடுத்தேன். அதுவும் 'சின்ன வேலை' கணக்கில்தான் போனது.

சட்டம் பேசப் பிடிக்கவில்லை, ஆனால் பேசாமலும் இருக்க முடியவில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய தொகையை எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிலுள்ள தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்குள், தரச் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பொருள் விற்பவர்களுக்கு மட்டுமல்ல, என்னைப் போலச் சேவை தருபவர்களுக்கும் இது உண்டு. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் காசில்லாமல் இணையத்தில் 'உத்யம்' என்ற இந்தத் தொழில் பதிவைச் செய்துகொள்ளலாம், நானும் செய்திருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு முடிச்சைப் போட்டது: அந்தக் கெடு தாண்டி மார்ச் 31 வரை நிலுவை நின்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. எந்த வருடம் கொடுக்கிறீர்களோ அந்த வருடம்தான். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள்.

நான் யார் மேலும் புகார் கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் அடுத்த டிசம்பரில் என் தொலைபேசி ஒலிக்காது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்தச் சட்டம் இவ்வளவு வருடமாக எங்களுக்குப் பயன்படாமல் தூங்குகிறது.

என் பக்கத்துத் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்வேன். பத்து அட்டைதான் முடியும் என்று தெரிந்தும் பதினாறு எடுத்துக்கொண்டு, அதில் மூன்றை உங்களுக்குத் தாமதமாகக் கொடுத்திருக்கிறேன். தொகையை முதலிலேயே சொல்ல எனக்கு நாக்கு எழாது. "நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்ததைப் பார்த்து மனதுக்குள் புழுங்குவேன். தொழில் செய்பவள் பேசும் பேச்சா அது? பதினான்கு வருடத்தில் நான் கற்றுக்கொள்ளாத பாடம் மென்பொருளில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

ஆகவே இனி ஒரு தாள். ஒரே பக்கம், தமிழில். நூலின் பெயர், என்ன வேலை, தொகை, முன்பணம் மூன்றில் ஒரு பங்கு, மீதி எந்தத் தேதியில். மூன்று முறை திருத்தம் தொகைக்குள் அடக்கம், நான்காவது முறையிலிருந்து தனி. அட்டைப் படத்தை மின்னூலுக்கோ ஒலிநூலுக்கோ சுவரொட்டிக்கோ பயன்படுத்துவதானால் அதையும் எழுதிவிடலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ளப்படும். நமக்குள் இதுவரை இருந்த வாய்ப்பேச்சு உங்களுக்கும் பாதுகாப்பில்லை.

அப்புறம், பெயர். உள்ளே நான்காம் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறது. அட்டை வடிவமைத்தவர் பெயர் பல நூல்களில் இல்லை. உரிமையை விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு வரி போதும். அதற்கு ஒரு ஃபாரம் கூடாது, முதுகும் அகலாது.

கோப்பு அனுப்பும்போது இன்னொரு தயவு. நூலாசிரியர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒருவர் வானவில் என்ற இன்னொரு பழைய எழுத்துருவில் திருத்தி, மற்றொருவர் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புகிறீர்கள். வந்து சேரும்போது கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கிறது, 'கொ'வின் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் ககரம் அடுத்த வரியிலும் நிற்கிறது. யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010இல். மெய்ப்பு முடிந்த பிரதியை ஒரே யூனிகோடு கோப்பாக அனுப்பினால் எனக்கு இரண்டு நாள் மிச்சம், உங்களுக்கும்தான்.

வரும் ஜனவரிக்கு என்னிடம் பதினொரு அட்டைகளுக்கு இடம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன், பன்னிரண்டாவது முடியாது. அக்டோபர் 15க்குள் நூற்சுருக்கம், பின்னட்டைக் குறிப்பு, உத்தேசப் பக்க எண்ணிக்கை, கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கம் எல்லாம் வந்துவிட்டால் டிசம்பர் 10க்குள் அட்டை உங்கள் கையில். அணிந்துரை எழுதுகிறவரிடம் மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
பெரம்பூர் மாடி அறையிலிருந்து
உங்கள் அட்டை வடிவமைப்பாளர்