‘ஸ்டாப்’ என்பதும் வாக்கியம்தான்: ஆங்கிலப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை நான். அண்மையில் முடிந்த பருவத் தேர்வில், கொடுக்கப்பட்டவற்றுள் வாக்கியம் எது, வாக்கியம் அல்லாதது எது என்று பிரித்தெழுதச் சொன்ன வினாவில் ‘ஸ்டாப்!’ என்ற ஒற்றைச் சொல்லும் இடம்பெற்றிருந்தது. என் மாணவன் ஒருவன் அதை வாக்கியம் என்று எழுதினான். தாங்கள் அனுப்பிய விடைக்குறிப்போ அது வாக்கியம் அன்று என்றது. ‘முழுப் பொருள் தரும் சொற்களின் கூட்டம்’ என்று பாடத்தின் முதல் வரி வாக்கியத்தை வரையறுத்துவிட்டதால், ஒற்றைச் சொல் கூட்டமாகாது என்பது அந்தக் குறிப்பின் கணக்காக இருக்கலாம். அதே பாடத்தின் பிற்பகுதி கட்டளை வாக்கியத்தை விளக்குகிறது என்பதைத் தாங்கள் அறியாதவர்கள் அல்லர்.

மதிப்பெண் போனதற்காக அவன் வருந்தவில்லை. “தமிழ் வகுப்பில் ‘வா’ என்றால் ‘நீ’ என்பது தோன்றா எழுவாய் என்கிறார்கள். இங்கே ‘யூ’ தோன்றாமல் இருக்கக் கூடாதா?” என்று கேட்டான். விடைக்குறிப்பை எழுதியவரைவிட அவனுக்கு வாக்கியம் புரிந்திருக்கிறது. அவன் தாளில் சுழியம் இட்டது என் கைதான்.

அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் இம்மடலை எழுதவில்லை. வாக்கியப் பாடத்தை வரையறையிலிருந்து தொடங்காமல், மாணவருக்கு முன்பே தெரிந்த எழுவாய், பயனிலையிலிருந்து தொடங்குமாறு திருத்தி அமைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆண்டுதோறும் நான் சிவப்பு மையால் திருத்தும் பிழை ஒன்று உண்டு: ‘மை மதர் டாக்டர்.’ பக்கத்தில் ‘வினைச்சொல் இல்லை’ என்று எழுதுவேன். ஒரு மாணவி எழுந்து, “வினைச்சொல் என்பது செயலைக் குறிக்கும் சொல் என்று புத்தகத்தில் இருக்கிறது. இதில் அம்மா எந்தச் செயலும் செய்யவில்லையே?” என்றாள். அவள் கேட்டது நியாயம். ‘என் அம்மா மருத்துவர்’ என்பது தமிழில் குறையற்ற வாக்கியம். பெயர்ச்சொல்லே அங்குப் பயனிலையாக நின்றுவிடுகிறது. ஆங்கிலம் அதற்கு இடம் தருவதில்லை; எழுவாயையும் பெயரையும் இணைக்க ‘இஸ்’ என்ற வினை கட்டாயம் வேண்டும். இதைச் சொல்லப் பாடநூலில் இரண்டு வரி போதும், ஆனால் அந்த இரண்டு வரி இல்லை. ‘இஸ்’, ‘ஆம்’, ‘ஆர்’ ஆகியவற்றைக் காரணம் கூறாமல் மனப்பாடம் செய்யவைப்பதால், அடுத்த மாதமே ‘ஐ ஆம் கோ’ என்று எழுதி வருகிறார்கள். விட்டுவிடாதே என்றோம், விடாமல் போடுகிறார்கள்.

எழுவாயின் கதையும் இதுதான். ‘வந்தேன்’ என்ற சொல்லின் விகுதியே வந்தவர் யார் என்று காட்டிவிடுவதால் தமிழில் ‘நான்’ இல்லாமலும் வாக்கியம் நிற்கும். அதற்கு ஈடான ‘கேம்’ (came) என்ற ஆங்கில வினை யாருக்கும் பொது. எழுவாய் இல்லையேல் வந்தவர் யார் என்று தெரியாது. மழை பெய்கிறது என்பதைச் சொல்லக்கூட, எதையும் குறிக்காத ஓர் ‘இட்’டைக் கொண்டுவந்து எழுவாயின் இடத்தில் நிறுத்தும் மொழி அது. தமிழில் கடைசியில் வரும் வினை அங்கே செயப்படுபொருளுக்கு முன்னால் வருவதையும் சேர்த்துச் சொன்னால், 11 வயதுப் பிள்ளைகள் வியப்போடு கேட்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் தேர்வில் அதற்கு வினா இல்லை. வரையறைக்கும், ஒவ்வொரு சொல்லின் கீழும் எழுவாய்க்கு எஸ், வினைக்கு வி, செயப்படுபொருளுக்கு ஓ என்று எழுத்திடுவதற்கும்தான் மதிப்பெண். பிழையின்றி எழுத்திட்டு, தன்னைப் பற்றிச் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதத் தெரியாமல் 8ஆம் வகுப்பைக் கடக்கும் பிள்ளையை உருவாக்குவதுதான் நோக்கம் என்றால், பாடநூல் அதை முழுமையாக நிறைவேற்றியிருக்கிறது, பாராட்டுகள்.

சொல் கடுமையாகிவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த பதிப்பில் வாக்கியப் பாடத்தைத் தமிழ் வாக்கியத்தோடு ஒப்பிட்டு, எழுவாய், பயனிலையிலிருந்து தொடங்குமாறு மாற்றியமைத்துத் தாருங்கள். பதிப்பு வரும்வரை வரையறை கேட்கும் வினாவுக்குப் பதிலாக, சொந்தமாக வாக்கியம் எழுதச் சொல்லும் வினாவைச் சேர்க்கலாம். அதற்குப் புது நூல் தேவையில்லை. அந்த விடைக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி அனுப்பினால், அவனுக்குச் சேர வேண்டிய மதிப்பெண்ணை நானே கூட்டிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆங்கில ஆசிரியை