வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்காக: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

நாள்: 10.11.2025

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியலும் கணினிப் பயன்பாடுகளும் படிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டில் கணினி இல்லை. அவர்களுக்குப் பள்ளியின் பொறுப்பில் மடிக்கணினிகளை இரவலாக வழங்குவதென்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் அண்மைக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படாமல் கிடக்கும் கணினிகள் இதற்குத் தேவை. எத்தகைய கணினிகள் வேண்டும், அவை யாரிடம் எந்த முறையில் போய்ச் சேரும் என்பதைத் தெரிவிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"பிள்ளையிடம் செல்பேசி இருக்கிறதே, அது போதாதா?" என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாடம் கேட்கவும், ஆசிரியர் அனுப்பும் குறிப்பைப் படிக்கவும் செல்பேசி போதும். நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதிப் பழகுவதற்குப் போதாது. பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி++ என்ற நிரல்மொழியும், பிளஸ் டூவில் பைத்தான் என்ற நிரல்மொழியும் பாடமாக உள்ளன. பைத்தானில் ஒரு வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிகூட நிரலின் பொருளை மாற்றிவிடும். செல்பேசித் திரையில் பாதியை விசைப்பலகை அடைத்துக்கொள்ள, மீதிப் பாதியில் அந்த இடைவெளிகளைச் சரிபார்ப்பது பெரியவர்களுக்கே கடினம். போதாக்குறைக்கு, 'பிரிண்ட்' என்ற கட்டளையின் முதல் எழுத்தைச் செல்பேசி தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிவிடும். பைத்தான் அதைப் பிழையென்று தள்ளிவிடும். எங்கே தவறு செய்தோம் என்றே தெரியாமல் பிள்ளை விழிக்கும்.

ஆய்வகத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கணினியின் முன் இருவரோ மூவரோ அமர்கிறார்கள். பாடவேளை குறைவு, ஆகவே விரைந்து தட்டச்சு செய்யத் தெரிந்தவரின் கைக்கே விசைப்பலகை போய்விடுகிறது. அவர் பெரும்பாலும் வீட்டில் கணினி உள்ளவர். வீட்டில் இல்லாதவர் இங்கேயும் வேடிக்கை பார்ப்பவராகவே இருந்துவிடுகிறார். பொதுத்தேர்வில் இந்தப் பாடத்துக்குரிய 100 மதிப்பெண்களில் 70 எழுத்துத் தேர்வுக்கும், 20 செய்முறைத் தேர்வுக்கும், 10 அகமதிப்பீட்டுக்கும் உரியவை. அந்த 20 மதிப்பெண்ணைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று: கல்லூரியில் முதல் பருவத்திலேயே கணினியைத் தயக்கமின்றிக் கையாளும் மாணவர்களின் நடுவில் இந்தப் பிள்ளைகள் உட்கார வேண்டியிருக்கும் என்பதே அது.

தமிழ்நாடு அரசு இந்தக் குறையை முன்பே உணர்ந்து செயல்பட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசுப் பள்ளிகளிலும் நம்மைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் வீட்டுக்கு முதல் கணினி வந்தது. கொரோனாக் காலத்துக்குப் பின் பள்ளி மாணவர்களுக்கு அவ்வாறு கிடைப்பது நின்றுபோயிற்று. 2025–26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருப்பது கல்லூரி மாணவர்களுக்கானது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் வரும் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வை எதிர்நோக்கும் நம் பிள்ளைகளுக்கு அது உதவாது.

இங்கே ஒரு சிறு வேண்டுகோள். அண்ணனோ அக்காவோ படித்த காலத்தில் வாங்கிய அரசு மடிக்கணினி பல வீடுகளில் பீரோவின் மேல் பையோடு கிடக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, இனி பயன்படாது என்று அதை ஒதுக்கியிருப்பீர்கள். அதை நீங்கள் பள்ளிக்குக் கொடுக்க வேண்டாம். பழுது பார்க்கக் கொண்டு வாருங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் சார்ஜரில் நேரடியாக இயங்கக்கூடியவை அவற்றில் பல. நம் கணினி ஆசிரியர்கள் சரிசெய்து உங்கள் வீட்டுக்கே திருப்பித் தருவார்கள். இந்த வழியிலேயே சில பிள்ளைகளின் தேவை தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

பிறர் தர முன்வரும் கணினிகளைப் பொறுத்தவரை இந்த ஆண்டு ஒரு வாய்ப்பு அமைந்திருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு (இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) கடந்த அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. ஏறத்தாழ 2017-க்கு முன் வந்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே நன்றாக இயங்கும் கணினிகளையே பல அலுவலகங்கள் கழித்துக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினால், பள்ளிப் பாடத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். சி++, பைத்தான், தரவுத்தளத்துக்கான மைஎஸ்கியூஎல், ஆவணங்கள் தயாரிக்க உதவும் லிப்ரே ஆஃபீஸ் ஆகிய அனைத்தும் லினக்ஸில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் உண்டு. பார்வைக் குறையுள்ள மாணவர்களுக்கு மட்டும் விண்டோஸ் 11 ஏற்கும் கணினிகளை ஒதுக்கி வைப்போம். திரையில் உள்ளதைத் தமிழிலும் வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் விண்டோஸில்தான் இயங்கும் என்பதே காரணம்.

குறைந்தது 4 ஜி.பி. ரேம் (தற்காலிக நினைவகம்) உள்ள மடிக்கணினியாக இருந்தால் நல்லது. மேசைக்கணினியையும் ஏற்போம், ஆனால் ஒற்றை அறை வீடுகளில் அதற்கு இடமிராது என்பதால் அது ஆய்வகத்துக்கே பயன்படும். சார்ஜரை மறவாமல் சேர்த்துத் தாருங்கள், ஏனெனில் பழைய மாடல்களுக்குப் பொருத்தமான சார்ஜரைத் தேடி அலைவதே பெரும்பாடு. பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றவோ பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பவோ வேண்டாம், தீப்பிடிக்கக்கூடியது. அலுவலகத்தில் தகவல் சொன்னால் போதும். அறவே இயங்காதவற்றைப் பள்ளியில் குவிக்க இயலாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

உங்கள் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் அந்தக் கணினியில் இருக்கலாம். கொடுக்கும் முன் கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலிருந்து வெளியேறிவிடுங்கள். எஞ்சியதை உங்கள் முன்னிலையிலேயே முழுமையாக அழித்துவிட ஏற்பாடு செய்திருக்கிறோம். அதிலும் மனம் ஒப்பவில்லையென்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைத் தாருங்கள். எந்த வருத்தமும் கொள்ள மாட்டோம். அலுவலகக் கணினியாயின், அது கணக்கிலிருந்து நீக்கப்பட்டதற்கான நிறுவனத்தின் கடிதம் அவசியம்.

இனி, யாருக்குக் கொடுப்பது என்பது. மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்வதில்லை என்று தெளிவாக முடிவு செய்திருக்கிறோம். முதலிடம் பெறுபவருக்குப் பரிசாகக் கணினி தரும் வழக்கம் நல்லதுதான், ஆனால் அது வேறு. கணினி இல்லாததால் பின்தங்கிய பிள்ளையிடம் முதலில் மதிப்பெண்ணைக் காட்டு என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வருமானச் சான்றிதழும் கேட்கப் போவதில்லை. வகுப்பாசிரியர்கள் ஒவ்வொரு வீட்டின் நிலையையும் ஓரளவு அறிவார்கள். அவர்கள் பெற்றோரிடம் தனியே பேசிப் பெயர்களைத் தருவார்கள். ஒரே செல்பேசியை நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் அது கடைசியாகக் கைக்கு வருவது பெரும்பாலும் பெண் பிள்ளைக்குத்தான் என்பதையும் கவனத்தில் கொள்ளுமாறு சொல்லியிருக்கிறேன்.

வழங்கும் விழா கிடையாது. மேடை, சால்வை, புகைப்படம் எதுவுமில்லை. கொடுத்தவர் பெயர் பெறுபவருக்கும், பெற்றவர் பெயர் கொடுத்தவருக்கும் தெரியாது. கணினி பள்ளியின் சொத்தாகவே இருக்கும். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் மாணவர் கையெழுத்திட்டு எடுத்துச் செல்வார். யாருடைய தயவிலோ கிடைத்தது என்ற எண்ணம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

கணினி வேண்டாமென்று மறுக்கும் குடும்பங்களும் உண்டு. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கெட்டுப்போனால் யார் பணம் கட்டுவது? அவர்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன். வழக்கமான பயன்பாட்டில் எது பழுதானாலும் பள்ளிதான் சரிசெய்யும். குடும்பத்திடம் ஒரு ரூபாயும் கேட்காது. ஒழுகும் கூரையோ நிலையற்ற மின்சாரமோ உள்ள வீடாயின் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பிள்ளை மாலையில் பள்ளியிலேயே கணினியைப் பயன்படுத்தவும், அதைப் பூட்டி வைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்வோம். வீட்டில் இணைய வசதி இல்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். நிரல் எழுத இணையம் தேவையில்லை. பாடநூல்கள் அனைத்தையும் கணினியிலேயே பதிந்து தருகிறோம். பிள்ளை படம் பார்த்தே பொழுதைப் போக்கிவிடுமோ என்ற அச்சத்துக்கு என்னிடம் முழுமையான மருந்து இல்லை. கூடத்தில், பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள் என்பதே என் யோசனை.

பிளஸ் டூ மாணவர்கள் தேர்வு முடிந்ததும் கணினியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மே மாதம் முடிவுகள் வரும் சமயத்தில்தான் பொறியியல் கலந்தாய்வுக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையவழி விண்ணப்பம், சான்றிதழ்ப் பதிவேற்றம், விருப்பப் பட்டியல் எல்லாம் வரும். அந்த வேலைக்குக் கணினி மையத்தில் பணம் கொடுத்து, வேறு யாரோ அவசரத்தில் நிரப்பும் பட்டியலை நம்பிச் சேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்துபவர்கள் உண்டு. ஆகவே ஆகஸ்ட் இறுதிவரை அவர்களிடமே இருக்கட்டும்.

பணமாகத் தர விரும்புவோர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். மாணவர் கையில் ரொக்கம் கொடுத்தனுப்ப வேண்டாம். இது முற்றிலும் விருப்பத்தின் பேரிலானது. எந்த வகுப்பிலும் பட்டியல் வாசிக்கப்படாது. கணினி பழுது பார்க்கத் தெரிந்த பெற்றோரோ முன்னாள் மாணவர்களோ சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமானால், அந்த உதவி பணத்தைவிடப் பெரிது.

கணினிகளை இம்மாதம் 22 மற்றும் 29-ஆம் தேதி சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை கணினி ஆய்வகத்தில் ஒப்படைக்கலாம். மழைக்காலமாதலால் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டு வாருங்கள். தம் பிள்ளைக்குக் கணினி தேவைப்படும் பெற்றோர் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ நேரில் வந்து சொன்னால் போதும். எழுத்தில் எதுவும் தர வேண்டியதில்லை. பள்ளி வேலை நாட்களில் மாலை 4 மணிக்கு மேல் நான் அறையில்தான் இருப்பேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்