ஜிம்மியைச் சந்தையில் விடுவதற்கு முன்

ஹில்டெஸ்ஹைம், ஜெர்மனி
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மயினிக்கு,

இங்கே நான் நலம். அங்கே மழை விடாமல் பெய்கிறது என்று அம்மா சொன்னார்கள். பாப்பாவைப் பார்த்து நம் நாய் ஜிம்மி உறுமிவிட்டதாகவும், இந்தச் சந்தை நாளிலேயே அதைத் திங்கள்சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடப் போவதாகவும் அண்ணன் ஃபோனில் சொன்னார். இந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்து முடிக்கும்வரை அவரை எப்படியாவது நிறுத்தி வையுங்கள். அவர் காதில் இதெல்லாம் ஏறாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அதற்குச் சோறு வைப்பவர் நீங்கள், பாப்பாவின் அம்மாவும் நீங்கள். முடிவு சொல்ல உங்களுக்குத்தான் உரிமை.

கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். ஃபோனில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று அப்பா சொல்வார். கருங்கல் போகும்போது ஒரு பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுங்கள்.

நீங்கள் அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்ப நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "ஒன்றுமே செய்யாமல் சும்மா படுத்திருந்தது, திடீரென்று உறுமிவிட்டது" என்று நீங்கள் சொன்னீர்கள். திடீரென்று இல்லை மயினி. பாப்பா பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிப் பிடித்தவுடன் ஜிம்மி தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறது. பிறகு நாக்கை நீட்டி மூக்கை ஒரு முறை நக்குகிறது. அந்நேரம் பக்கத்தில் சோறும் இல்லை, மீனும் இல்லை. அடுத்து ஒரு கொட்டாவி. நீங்கள்கூட "தூக்கம் வருகிறதா?" என்று சிரிக்கிறீர்கள், அது வீடியோவில் கேட்கிறது. அது தூக்கக் கொட்டாவி இல்லை, சங்கடத்தில் வரும் கொட்டாவி. பாப்பா இன்னும் இறுக்குகிறாள். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறைபோலத் தெரிகிறது, வாய் மூடிக்கொள்கிறது, உடம்பு அப்படியே விறைக்கிறது. அதற்குப் பிறகுதான் உறுமல். இத்தனை முறை "விடு பிள்ளை" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காததால்தான் அது சத்தம் போட்டது.

நாய்கள் காட்டும் இந்தச் சின்ன அடையாளங்களை நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ரூகாஸ் என்ற அம்மையார் பல ஆண்டுகள் கவனித்துத் தொகுத்திருக்கிறார். தலையைத் திருப்புவது, மூக்கை நக்குவது, கொட்டாவி விடுவது, தரையை முகர்வதுபோல நடிப்பது, முன்காலைச் சற்றுத் தூக்குவது, நனையாமலே உடம்பை உதறுவது எல்லாம் அதில் வரும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அரிப்பெடுத்தாலும் நாய் உதறும். எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"வாலை ஆட்டிக்கொண்டுதானே இருந்தது" என்றும் கேட்டீர்கள். ஆட்டியது உண்மை. ஆனால் அப்பா ரப்பர் விளையிலிருந்து வரும்போது எப்படி ஆட்டும் என்று நினைத்துப் பாருங்கள். இடுப்போடு சேர்த்து உடம்பே ஆடும். வீடியோவில் வால் மேலே விறைத்து நிற்கிறது, நுனி மட்டும் வெடுக்வெடுக்கென்று அசைகிறது. அது சந்தோஷம் இல்லை. 2007-இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: வளர்த்தவரைப் பார்த்தால் நாயின் வால் அதன் வலப்பக்கமாகவும், அறிமுகமில்லாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கமாகவும் கூடுதலாகச் சாய்ந்து ஆடுகிறதாம். இதை நம் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். நான் முயன்று பார்த்துத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

உறுமியதற்காக அண்ணன் கம்பை எடுத்தார் அல்லவா, அதை மட்டும் இனி யாரும் செய்ய வேண்டாம். உறுமினால் அடி விழும் என்று தெரிந்த நாய் உறுமுவதை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் பயமோ வலியோ போகாது. அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். உறுமுகிற நாய் நமக்கு இன்னும் அவகாசம் தருகிறது.

அப்பாவுக்கு ஒரு வரி. "தப்புச் செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே" என்று அவர் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009-இல் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு வளர்த்தவர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில நேரம் உண்மையைச் சொன்னார்கள், சில நேரம் பொய் சொன்னார்கள். தின்ற நாயும் தின்னாத நாயும், திட்டு விழுந்தால் ஒரே மாதிரித்தான் முகத்தைத் தொங்கவிட்டன. சொல்லப்போனால் தின்னாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் கூடுதலாகக் குழைந்தன. ஆக, அது ஒப்புதல் வாக்குமூலம் இல்லை அப்பா, உங்கள் குரலுக்குப் பயந்த முகம்.

இதெல்லாம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். பாதி என் வேலையிலிருந்து வந்தது. நான் இருக்கும் முதியோர் இல்லத்தில் என் பிரிவில் மறதி நோய் முற்றியவர்களே அதிகம். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதற்காக இங்கே ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். மூச்சு எப்படி இருக்கிறது, முனகல் உண்டா, முகம் எப்படி, உடம்பு எப்படி, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்தைக் கவனித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை மதிப்பெண் போட வேண்டும். கையைத் தட்டிவிடும் பாட்டியைக் 'கோபக்காரி' என்று எழுதிவிட்டுப் போனால் தலைமை நர்ஸ் விடமாட்டார், "வலி பார்த்தாயா?" என்பார். ஜிம்மியின் வீடியோவைப் பார்த்தபோது எனக்கும் முதலில் அந்தக் கேள்விதான் வந்தது.

மீதிப் பாதி, வீட்டுக்காரம்மாவின் நாய் எமிலிடமிருந்து வந்தது. நீண்ட உடம்பும் குட்டைக் காலுமாக டாக்ஸண்ட் இனம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னம் இந்த இன நாய்தானாம், அந்த அம்மா பெருமையாகச் சொல்வார். சென்ற குளிர்காலத்தில் எமில் சோபாவில் ஏறுவதை நிறுத்தியது. மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அழவில்லை, சாப்பாட்டைக் குறைக்கவில்லை. "உன்மேல் ஏதோ கோபம்" என்றார் அந்த அம்மா. முதுகு லேசாக வளைந்திருப்பதையும், படுக்கும்போது மூச்சு ஒரு நொடி நிற்பதையும் நான் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு முதுகெலும்பு வட்டில் கோளாறு தொடங்குகிறது என்றார். இந்த இனத்துக்கு அது அடிக்கடி வருமாம். குதிக்கவிடாமல் பல வாரம் படுக்கையில் வைத்திருந்தார்கள். இப்போது ஓடுகிறது, படியில் மட்டும் நான்தான் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன்.

இந்த ஊரில் நாய்க்கு இருக்கும் மரியாதையைச் சொன்னால் அண்ணன் நம்பமாட்டார். நகராட்சிக்கு நாய்வரி கட்ட வேண்டும். பெரிய நாயாக இருந்தால் ரயிலில் டிக்கெட். ஹோட்டலில் நாம் கேட்பதற்கு முன்பே அதற்குத் தண்ணீர்க் கிண்ணம் வருகிறது. எங்கள் மாநிலமான கீழ் சாக்சனியில் 2013 முதல், புதிதாக நாய் வளர்ப்பவர் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேற வேண்டும் என்று சட்டம். தோசைக்கு அரைப்பது எப்படி என்று பரீட்சை வைத்ததுபோல் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மொழி பழகலாமே என்று அந்தத் தேர்வுக்கான கேள்விப் புத்தகத்தை வாங்கி வாசித்தேன். கொட்டாவியும் கண்வெள்ளையும் அதில்தான் எனக்கு முதலில் அறிமுகமாயின. இன்னொன்று, நான் குடிவந்து நெடுநாள் முகம் கொடுக்காத எதிர்வீட்டுப் பெரியவர், எமிலைக் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் காலை வணக்கம் சொன்னார். அதுவும் முதலில் எமிலுக்கு, பிறகு எனக்கு.

ஆனால் இவர்களுக்கு இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு. காட்டு நரிகளுக்கு இரையில் மருந்து வைத்துப் போட்டே வெறிநோயை ஒழித்துவிட்டார்கள். 2008-இல் ஜெர்மனி அந்த நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நம் ஊர் அப்படி இல்லை. ஆகவே முதல் கேள்வி: ஜிம்மிக்கு இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? அட்டையைத் தேடிப் பாருங்கள். நாயின் குணம் சட்டென்று மாறி, குரல் மாறி, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்கக் கஷ்டப்பட்டால் யாரும் கிட்டப் போகக் கூடாது, வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கவும் கூடாது. பாப்பாவுக்குப் பல் கீறியிருந்தால், சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வீடியோவில் எனக்கு அந்த அறிகுறி எதுவும் தெரியவில்லை, ஆனால் ஊசி விஷயத்தில் சமாதானம் இல்லை.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அதன் இடது காது வலதைவிடத் தாழ்ந்திருக்கிறது. பாப்பாவின் கை அந்தப் பக்கம் படும்போதுதான் விறைக்கிறது. இந்த மழையில் காதுக்குள் ஈரம் தங்கிப் புண் வந்திருக்கலாம், உண்ணி ஏறியிருக்கலாம். நீங்கள் கிட்ட முகர்ந்து பாருங்கள், வாடை வந்தாலோ கறுப்பாக அழுக்கு இருந்தாலோ காதுக்குள் விரலை நுழைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். அது தானாக வாய் திறந்திருக்கும்போது ஈறின் நிறத்தையும் பாருங்கள், வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்வது நாயின் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிட்டது. அதிகாலையில் அப்பாவோடு ரப்பர் விளையெல்லாம் சுற்றிவிட்டு வந்து பகல் முழுக்கத் தூங்கும் நாய் அது. இப்போது அந்த நடையும் இல்லை, பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் தூக்கமும் இல்லை. வயதும் ஆகிறது. காது மந்தமானால் யாராவது தொட்டதும் திடுக்கிட்டு எழும். அப்பா மழை விட்ட நேரம் பார்த்து அதை விளைவரை கூட்டிக்கொண்டு போய் வரட்டும், முகர விடட்டும், இழுக்க வேண்டாம். விறகுப்புரையின் ஓரத்தில் ஒரு சாக்கு விரித்துக் கொடுங்கள். அங்கே படுத்தால் யாரும் தொடக் கூடாது, பாப்பாவும் சேர்த்து.

பாப்பாவுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுங்கள். நாயிடம் அவள் போகக் கூடாது, கூப்பிட வேண்டும். வந்தால் நெஞ்சுப் பக்கம் மூன்று எண்ணும்வரை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஜிம்மி இன்னும் நெருங்கி வந்தால் மறுபடியும் தடவலாம். முகத்தைத் திருப்பினாலோ நகர்ந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பது வேண்டாம், சாப்பிடும்போது கிட்டப் போவது வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடவும் வேண்டாம்.

தீபாவளியும் வருகிறது. இங்கே ஆண்டுக்கடைசி இரவில்தான் வெடி. அன்றைக்கு எமில் குளியலறையில் வந்து நடுங்கும், வீட்டுக்காரம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத் தரையில் கூடவே உட்கார்ந்துகொள்வார். பயந்த நாயைத் தேற்றினால் பயம் கூடும் என்பது தவறு. வெடி போடும் நாளில் ஜிம்மியை முற்றத்தில் சங்கிலியில் கட்டாமல் உள்ளறையில் விட்டு, ஃபேனை ஓடவிடுங்கள். இருட்டுவதற்கு முன்பே வெளியே போய் வந்துவிடட்டும்.

நான் எமிலைப் பார்ப்பதுபோல எமிலும் என்னைப் பார்க்கிறது. உங்களோடு பேசி ஃபோனை வைத்த பிறகு சில நாள் நான் அழுவதுகூட இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். எங்கிருந்தோ வந்து என் பாதத்தின்மேல் படுத்துக்கொள்ளும். மனஅழுத்தத்தில் இருக்கும் மனிதரின் வியர்வையையும் மூச்சையும் நாய்கள் வாசனையால் பிரித்தறிகின்றன என்று 2022-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். வீட்டில் இப்போது கடன் பேச்சும் சத்தமும் அதிகம் என்று அம்மா சொன்னார்கள். அதுவும் ஜிம்மிக்குப் போய்ச் சேராமல் இருக்காது. அண்ணனிடம் இதை நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் சண்டையாகும்.

இன்று அதிகாலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள். எமிலுக்கு அந்தச் செய்தி போகவில்லை, வழக்கத்துக்கு ஒரு மணி முன்பே வந்து சாப்பாடு கேட்டுக் கதவைச் சுரண்டியது. இனி உங்களுக்கும் எனக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். இந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட், உங்கள் இரவு ஏழரைக்குக் கூப்பிடுகிறேன்.

டாக்டர் செலவுக்குப் பணம் உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன், அண்ணனுடையதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பாவும் கூட வரட்டும், அவர் பிடித்தால்தான் ஜிம்மி நிற்கும். போவதற்கு முன் இன்னொரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். யாரும் தொடாமல், பக்கவாட்டில், வால்வரை தெரிய வேண்டும். அது நடந்து வருவதையும் தண்ணீர் குடிப்பதையும் எடுங்கள். டாக்டரிடமும் அதையே காட்டலாம், அங்கே மேஜைமேல் ஏற்றினால் எல்லா நாயும் ஒரே மாதிரி விறைத்துத்தான் நிற்கும்.

பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்