பதிவு எண் இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுமனை முகவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை மணி நேர வகுப்பு, எவ்வளவு கட்டணம், எந்தப் படிவம் என்பவற்றோடு அது நின்றுவிடுகிறது. அந்த வகுப்பில் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. 28 ஆண்டுகள் இத்தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு மனையை முடித்துக் கொடுத்தேன். மனையிலிருந்து சாலைக்குச் செல்லப் பக்கத்து நிலத்தின் ஓரமாக ஒரு பாதை இருந்தது. 'பாதை இருக்கிறது' என்று விற்பவர் சொன்னார். வாங்குபவரிடம் நானும் அதையே சொன்னேன். கண்ணுக்கு எதிரே ஆட்கள் நடந்து போகும் வழியை யார் சந்தேகிப்பார்கள்? கிரயம் முடிந்து சில மாதங்களில் பக்கத்து நிலம் கைமாறியது, புதிய உரிமையாளர் வேலி போட்டார், என்னிடம் வாங்கியவர் சொந்த மனைக்குள் போக வழியில்லாமல் நின்றார். அப்போதுதான் மூலப்பத்திரத்தை எடுத்துப் படித்தேன். அதில் பாதை என்ற சொல்லே இல்லை. பழைய உரிமையாளர் பெருந்தன்மையாக நடக்க விட்டிருந்த வழி அது. அனுமதியின் பேரில் நடப்பதற்கும் பத்திரத்தில் எழுதப்பட்ட வழியுரிமைக்கும் உள்ள வேறுபாடு அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை. எனக்குச் சேர வேண்டிய கமிஷன் மட்டும் குறித்த நாளில் வந்து சேர்ந்துவிட்டது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. முகவர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்போர் பெரும்பாலும் மோசடிக்காரர்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். மோசடி செய்பவனைப் பிடிக்கக் குற்றவியல் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. என் அனுபவத்தில், வாங்குபவர்களுக்கு அதிகச் சேதம் விளைவித்தவர்கள் நல்லெண்ணம் கொண்ட, ஆனால் விவரம் தெரியாத முகவர்களே. அவர்களைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை, திருத்தப் பயிற்சியும் இல்லை. உரிமம் என்ற ஏற்பாடு முதலில் இந்த இடைவெளியைத்தான் அடைக்க வேண்டும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது பெரிய மாற்றம் என்பதை மறுக்க முடியாது. முகவர் தாம் பதிவு பெறாமல், பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் விற்பனைக்கு இடைநின்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. முகவர் கணக்குகளைப் பேண வேண்டும், முன்பதிவின்போது ஆவணங்கள் வாங்குபவர் கைக்குக் கிடைக்க உதவ வேண்டும் என்றெல்லாம் கடமைகளும் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவு முகவருக்கு இருக்கிறதா என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. கல்வித் தகுதி எதையும் அது வகுக்கவில்லை. ஒருவர் கைமாற்றும் பழைய வீடோ தனி மனையோ பெரும்பாலும் அதன் வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. நான் சொன்ன பாதை விவகாரம் அப்படிப்பட்ட தனி மனையில் நடந்ததுதான். இந்தக் குறையை உணர்ந்து மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தகுதித் தேர்வையும் கட்டாயமாக்கியது. பாராட்டத்தக்க அடிதான். ஆயினும் அந்தப் பயிற்சி 20 மணி நேரம்; ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு கைமாறும் இடத்தில் நிற்பவருக்கு இரண்டரை வேலைநாள் போதுமா என்ற கேள்வி எழாமல் இல்லை.

மணிக்கணக்கில் பார்த்தால் பிற நாடுகள் வெகுதூரம் போயிருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1919ஆம் ஆண்டு முதல் முகவர் உரிமத்தை நடத்திவருகிறது; இன்று அங்கே விற்பனையாளர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் மூன்று பாடங்களில் 135 மணி நேரம் படித்துத் தேர்வில் 70 சதவீதம் பெற வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 180 மணி நேரம் கேட்கிறது. ஸ்வீடனில் இரண்டு ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பே தேவை. இந்த எண்களைவிட என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. டெக்சாஸின் 180 மணி நேரத்தில் முழுதாக 30 மணி நேரம் முகவாண்மைச் சட்டத்துக்கு, அதாவது 'நான் யாருடைய ஆள்' என்ற ஒரே கேள்விக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நம்மில் பெரும்பாலோரிடம் நேர்மையான பதில் கிடையாது. விற்பவரிடம் பேசும்போது அவருக்கு வேண்டியவர், வாங்குபவரிடம் பேசும்போது இவருக்கு வேண்டியவர், கிரயம் முடிந்ததும் இருபக்கமும் கமிஷன். 'எவ்வளவு வரை கொடுப்பார்?' என்று விற்பவர் கேட்டால் வாங்குபவர் நம்பிச் சொன்ன உச்சத் தொகை முகவரின் வாயிலிருந்து நழுவிவிடுகிறது. நானும் நழுவவிட்டிருக்கிறேன், மறைப்பானேன். சிங்கப்பூரில் ஒரே பரிவர்த்தனையில் இருதரப்பையும் ஒரே முகவர் பிரதிநிதித்துவம் செய்யத் தடை உண்டு. ஸ்வீடனில் இதற்கு நேர்மாறாக, முகவர் இருவருக்கும் பொதுவான நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டில் எது மேல் என்று வாதிடலாம். எதைத் தேர்ந்தாலும் முகவருக்கும் வாடிக்கையாளருக்கும் அது முதல் சந்திப்பிலேயே எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது இரண்டும் அல்லாத ஒரு மூட்டமான நிலை.

பயிற்சியின் அடுத்த பாடம் ஆவணங்களைப் படிப்பது. ஹாங்காங்கில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சற்று முன்பாக முகவர் நிலப் பதிவேட்டில் தேடல் செய்து அதன் நகலை வாங்குபவரிடம் தர வேண்டும் என்பது விதி. முகவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டிய தேவையே அங்கே குறைந்துவிடுகிறது. இதற்கு ஈடாக, ஒவ்வொரு முகவரும் வில்லங்க விவரத்தையும் மூலப்பத்திரத்தையும் வரிசையாக வைத்து, உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் எங்கே கண்ணி அறுந்திருக்கிறது, அடமானம் தீர்க்கப்பட்டதா, மைனர் பங்கு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வழக்கறிஞருக்கு நிகராகத் தெரிய வேண்டியதில்லை. 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை, வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்' என்று சொல்ல வேண்டிய இடம் எது என்பது தெரிந்தால் போதும். தன் அறிவின் எல்லை எங்கே முடிகிறது என்று அறிவதே முகவருக்கு வேண்டிய படிப்பில் பாதி.

ஆகவே தேர்வும் அதற்கேற்றபடி அமைய வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் குறியிடும் தேர்வு, கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்தவனுக்கும் உரிமம் தந்துவிடும். ஒரு சொத்தின் ஆவணக் கட்டை விண்ணப்பதாரரின் முன் வைத்து, அதில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட சில குறைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வாங்குபவருக்கு அவற்றை எளிய மொழியில் விளக்கி ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். விடைத்தாளைத் திருத்துவது கடினம்தான்.

கட்டாய உரிமத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் புதியவர்களை வெளியே நிறுத்தக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழியாக உரிமம் மாறிவிடும் என்கிறார்கள். பயிற்சிக் கட்டணம் உயரும், பணமுள்ளவர் மட்டும் நுழைவார், அந்தச் செலவு கமிஷனாக மக்கள் தலையிலேயே விழும் என்பது அவர்கள் கவலை. இதில் உண்மை உண்டு. ஆயினும் தகுதியை வகுக்காமல் விட்டாலும் கேள்வி மறைந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே முகவர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதியை வகுக்க இடம் வைக்கப்பட்டும், அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 40 ஆண்டுகள் கழித்து, 2019இல், அரசு அமைத்த பணிக்குழு ஒன்று தகுதியையும் உரிமத்தையும் கட்டாயமாக்கும்படி பரிந்துரைக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த எதிர்ப்பு வகுப்பு நேரத்தின் மீதும் கட்டணத்தின் மீதும் பாய்கிறதே தவிர, தேர்வின் மீது பாய்வதில்லை. எங்கே படித்தாலும், அனுபவமுள்ள முகவரிடம் உடனிருந்து கற்றாலும், குறைந்த கட்டணத்தில் யாரும் எழுதக்கூடிய தேர்வு ஒன்று இருக்குமானால் கதவு யாருக்கும் சாத்தப்படாது.

உரிமம் கொடுப்பதைவிடப் பறிக்கும் அதிகாரம் முக்கியம்; யாரிடம் உரிமம் இருக்கிறது என்பது மக்களுக்குத் தெரியவும் வேண்டும். 2010இல் சிங்கப்பூரில் முகவர்களுக்கென அமைக்கப்பட்ட மன்றம் ஒரு பொதுப் பதிவேட்டை நடத்துகிறது. தொலைபேசி எண்ணை இட்டால்கூட அந்த எண்ணுக்குரியவர் பதிவு பெற்ற முகவரா என்று யாரும் பார்த்துவிடலாம். சில வகைப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பணத்தை முகவர் கையால் தொடவே அங்கே அனுமதி இல்லை. முன்பணத்தோடு மறைந்துபோன முகவர்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே வாசகர்கள் படித்திருப்பார்கள். எந்த வகுப்பும் தடுக்காததை இந்த ஒரு விதி தடுக்கும்.

உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு அரை மனமே உண்டு. கலிபோர்னியாவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 45 மணி நேரம் கேட்கிறார்கள். சட்டம் மாறும்போது அது அவசியம்தான். ஆனால் கணினியில் காணொளியை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பதும் தொடர்கல்வி என்றே கணக்கில் ஏறும்.

கடைசியாக, இத்தகைய ஏற்பாடு வரும்போதெல்லாம் அனுபவசாலிகளுக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழும். அதைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். வேலி போடப்பட்ட அந்த மனைக்குப் பிறகும் பல ஆண்டுகள் நான் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பியே தொழில் செய்தேன். அனுபவம் எனக்கு ஆட்களை எடைபோடக் கற்றுத்தந்ததே ஒழிய, பத்திரம் படிக்கக் கற்றுத்தரவில்லை. பழையவர்களுக்கு ஓராண்டோ ஈராண்டோ அவகாசம் கொடுக்கலாம், தாய்மொழியில் எழுத விடலாம், எழுதிப் பழக்கமில்லாத மூத்தவர்களை நேரில் உட்காரவைத்து வாய்மொழியாகக் கேட்கலாம். ஆனால் அவர்கள் முன்னாலும் அதே ஆவணக் கட்டைத்தான் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வீட்டுமனை முகவர் ஒருவர்