மூத்தோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் அனுப்பப்படும். அவர்கள் அவசியம் படிக்க வேண்டும். பின்பாதி பெரும்பாலும் அவர்களைப் பற்றியதுதான்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. சுற்றுலா ஒருமுறை தள்ளிப்போய், பிறகு நல்லபடியாக முடிந்தது. புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி நடன வகுப்பு. இதைப் பற்றி என்னிடம் கொஞ்சமும் என் முதுகுக்குப் பின்னால் நிறையவும் பேசப்பட்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆரம்பித்த வகுப்புக்கு நல்ல வரவேற்பு இருந்தது. இந்த ஆண்டு அதே ஒரு மணி நேரத்தை இரண்டாகப் பிரித்தோம். முதல் பாதி நடனம். அடுத்த பாதி நாற்காலி, ரப்பர் பட்டை, சிறிய டம்பெல் கொண்டு தசை வலுப்பயிற்சி. அன்று தொடங்கியது, "செயலாளர் சங்கத்தை ஜிம்மாக மாற்றிவிட்டார்" என்ற பேச்சு. ஆட வந்தவர்களை எடை தூக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டு ஓர் உறுப்பினர் செயற்குழுவுக்குக் கடிதமே கொடுத்தார். அதற்கான பதிலை இங்கேயே பதிவு செய்கிறேன்.

முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் தசை ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. இந்தத் தசை இழப்புக்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். தசையின் அளவைக் காட்டிலும் வலு விரைவாகக் குறையும். சட்டென்று விசை கொடுக்கும் திறன் அதைவிடவும் விரைவாகப் போய்விடும். கால் இடறும்போது மறுகாலை முன்னே போட்டு விழாமல் தாங்குவது அந்தத் திறன்தான்.

நடனம் போதாதா என்றால், நடனத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டிலும் பின்னாலும் அடி வைப்பது, திரும்புவது, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, அதற்கிடையில் அடுத்த ஸ்டெப்பை நினைவில் வைத்திருப்பது, இவ்வளவையும் ஒரே நேரத்தில் கேட்கும் பயிற்சி வேறு அதிகம் இல்லை. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் முதியவர்களில் ஒரு குழுவுக்கு நடனமும் இன்னொரு குழுவுக்கு வழக்கமான உடற்பயிற்சியும் 18 மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதி இரு குழுவிலுமே சற்று வளர்ந்திருந்தது. ஆனால் உடல் சமநிலை மேம்பட்டது நடனக் குழுவில் மட்டும். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் நடன ஆசிரியை இதை மூன்று முறை என்னிடம் வாசிக்கச் சொன்னார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நடனத்தில் நாம் சுமப்பது நம் உடலை மட்டும்தான். சில மாதத்தில் அது பழகிவிடும். தசை வலுப்பட வேண்டுமானால் சுமை படிப்படியாகக் கூட வேண்டும். முதியோர் கீழே விழுவதைப் பற்றி 108 ஆய்வுகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பில், உடற்பயிற்சியால் விழும் விகிதம் சுமார் 23 சதவீதம் குறைவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சமநிலைப் பயிற்சியோடு வலுப்பயிற்சியும் சேர்ந்தால் சுமார் 34 சதவீதம். நடனம் மட்டும் என்றால் உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்கிறார்கள். இந்தப் பக்கத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதன்மேல் யாரோ சுற்றுலாப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

"இந்த வயசுல எடையா?" என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990இல் வெளியான முடிவின்படி அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நம் உறுப்பினர்கள் எல்லோரும் அவர்களைவிட இளையவர்கள்.

வகுப்பில் நடனம் முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. களைத்த காலோடு திரும்பினால் தடுமாறும். அதனால் கால் புத்துணர்வோடு இருக்கும்போதே ஸ்டெப்புகளை முடித்துவிடுகிறோம். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பட்டையை இழுப்பது. நாலு எண்ணிக்கையில் மெல்ல உட்கார்ந்து நாலு எண்ணிக்கையில் எழுவதைப் பாட்டோடு சேர்த்தது ஆசிரியையின் யோசனை. நன்றாக வேலை செய்கிறது. மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். எனவே தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம். ஓரிரு நாள் தசை வலித்தால் பயப்பட வேண்டாம். மூட்டில் சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிட வேண்டும். கடைசி இரண்டு முறை தூக்குவது சிரமமாக இருந்தால்தான் எடை சரி. முதல் நாள் எடுத்த டம்பெல்லையே ஆண்டு முழுக்கப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

முப்பது நொடியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று தொடக்கத்திலும் ஆண்டு இறுதியிலும் பார்த்தோம். கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதிருந்த சிலர் இப்போது எழுகிறார்கள். விவரம் பதிவேட்டில் இருக்கிறது. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

ஆனால் இது தங்கியவர்களின் கதை. நடனம் முடிந்து நாற்காலி போடும் நேரம் பார்த்துப் பலருக்கு போன் வந்துவிடுகிறது. வெளியே போகிறவர்கள் திரும்புவதில்லை. நாற்காலிகளைப் போடுவதும் எடுத்து அடுக்குவதும் எப்போதும் அதே மூன்று பேர்.

சந்தா நிலவரமும் இதே கதைதான். வகுப்பைப் பற்றி அதிகம் குறை சொன்னவர்களில் சிலருக்கு இரண்டு ஆண்டு பாக்கி. பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று செயற்குழு பெருந்தன்மையோடு முடிவெடுத்தது. அதில் என் வாக்கு எதிர் வாக்கு என்பதைக் குறிப்பேட்டில் காணலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், செலவு வரவை ஒட்டி வந்தது. ஓரிடத்தில் சற்று முந்தியது. அந்த இடைவெளியை ஒரு நன்கொடையாளர் நிரப்பினார். பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், கூடம் தந்து உதவியவர்கள், நடன ஆசிரியை, பயிற்சியாளர், துப்புரவுப் பணியாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியிருக்கிறது. நாம் நடத்துவது 2 நாள். மூன்றாவது நாளுக்குப் பயிற்சியாளர் தயார். அவருக்குத் தர வேண்டிய மதிப்பூதியம்தான் தயாராக இல்லை. ரப்பர் பட்டைகள் வெடிப்பு விட்டுவிட்டன, அறுந்து யார் முகத்திலாவது படுவதற்குள் மாற்ற வேண்டும். பாக்கிச் சந்தா பாதி வந்தாலே இரண்டும் நடக்கும்.

என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. தொடரும்படி இதுவரை யாரும் கேட்கவில்லை; கேட்டால் யோசிப்பேன். வேறு யாராவது வந்தாலும் சரி, வகுப்பின் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துவிட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்